அறுவைக்குப் பின் கை

மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கத்தியின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அறுவைக்குப் பிறகு ஒரு பெண்ணால் கையைத் தூக்கித் தலைவார முடிந்ததா, முதுகுப் பக்கம் கையைக் கொண்டுசென்று உடையை முடிச்சிட முடிந்ததா, உயரத்து அலமாரியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்க முடிந்ததா என்ற கேள்விகள் அந்த வரலாற்றில் மிகத் தாமதமாகவே இடம்பெற்றன. அவற்றை முதலில் உரக்கக் கேட்டவர்களில் பலர் மருத்துவர்கள் அல்லர், நோயுற்ற பெண்களே.

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவைத் துறையை நடத்திய வில்லியம் ஹால்ஸ்டெட், 1894இல் தாம் அறுவை செய்த 50 பெண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். புற்று, தான் தோன்றிய இடத்திலிருந்து அருகிலுள்ள திசுக்கள் வழியாகப் படிப்படியாக வெளிநோக்கிப் பரவுகிறது என்று அவர் கருதியதால், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசையையும், அக்குளில் உடலின் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களையும் ஒரே தொகுதியாக அகற்றினார். அறுவை நடந்த இடத்திலேயே புற்று மீண்டும் தலைகாட்டுவது இதனால் வெகுவாகக் குறைந்தது. அக்காலத்துக்கு இது பெரும் முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அந்தப் பெண்ணுக்கு எஞ்சியது விலா எலும்புகள் தெரியும் குழிந்த மார்பும், உயர மறுக்கும் தோளும், பலருக்கு நாளடைவில் வீங்கிக் கனத்த கையுமே ஆகும். கணுக்கள் போனபின் வடியும் வழியின்றி நிணநீர் கையில் தேங்குவதே அந்த வீக்கத்துக்குக் காரணம். ஹால்ஸ்டெட்டும் இதை அறியாதவர் அல்லர். யானைக்கால் நோயின் பெயரையே இந்த வீக்கத்துக்குச் சூட்டி 1921இல் அவர் ஒரு தனிக் கட்டுரை எழுதினார்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அறுவையே அமெரிக்காவில் வழக்காக இருந்தது. கட்டியோடு வந்த பெண், அது புற்றா இல்லையா என்று தெரியுமுன்பே ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டு மயக்க மருந்தை ஏற்றாள். அவள் மயங்கியிருக்கும்போதே திசு சோதிக்கப்பட்டு, புற்று என்று உறுதியானால் அறுவையும் அங்கேயே முடிந்துவிடும். மார்பகம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்விழித்த பிறகுதான் அவள் அறிந்தாள்.

நியூயார்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாஸர் 1952இல் இவ்வறுவைக்கு உட்பட்டார். கையை எப்படி மீட்பது, எதை உடுத்துவது, கணவரிடமும் பிள்ளைகளிடமும் என்ன சொல்வது என்பதற்கு மருத்துவமனையில் விடை கிடைக்காததால், விடைகளைத் தாமே திரட்டி, புதிதாக அறுவை முடித்த பெண்களின் படுக்கையருகே போய் நின்றார். ‘ரீச் டு ரிகவரி’ என்ற பெயரில் வளர்ந்த இந்தப் பணியில், ஒரே அனுபவத்தைக் கடந்த தன்னார்வலர் ஒருவர் ஒரு ரப்பர் பந்தையும் ஒரு கயிற்றையும் தற்காலிகச் செயற்கை மார்பகத்தையும் கொண்டுவந்து கொடுப்பார். பந்தை அழுத்தி அழுத்திக் கைக்கு வலு ஏற்ற வேண்டும். கயிற்றைக் கதவின் மேல் போட்டு, நல்ல கையால் இழுத்து மற்றக் கையை மெல்ல உயர்த்த வேண்டும். சுவரின் முன் நின்று விரல்களை மேல்நோக்கி நடத்தி, நேற்று எட்டிய உயரத்தை இன்று சற்றே தாண்ட வேண்டும். இன்றைய இயன்முறை மருத்துவர்களும் சுவர்மேல் விரல் நடத்தும் பயிற்சியைக் கற்பிக்கிறார்கள் என்பது லாஸரின் பணிக்குக் கிடைத்த சிறந்த சான்று. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1969இல் இத்திட்டத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது.

இந்த உதவிக்கும் ஓர் எல்லை இருந்தது. அறுவை சரியானதா என்று கேட்பது தன்னார்வலரின் வேலை அல்ல. இழப்பை ஆடைக்குள் மறைத்து இயல்பாகத் தோன்றுவதே மீட்சியாக எண்ணப்பட்டது. கவிஞர் ஆட்ரி லார்ட், 1980இல் வெளியான தம் நோய்க்காலக் குறிப்பேட்டில், செயற்கை மார்பகத்தை மறுத்ததோடு, துக்கத்துக்கும் சினத்துக்கும் இடம் தராத மீட்சி எத்தகையது என்றும் கேட்டார். லாஸரின் கயிற்றைப் போலவே இந்தக் கேள்வியும் இப்பராமரிப்பு மரபின் ஒரு பகுதி என்றே கருத வேண்டும்.

மயக்கத்திலேயே முடிவெடுக்கும் வழக்கத்தை முன்னின்று எதிர்த்தவர் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர். 1974இல் தம் கட்டியைக் கண்டறிந்த அவர், சோதனையும் அறுவையும் தனித்தனியே நடக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழுவும் அதையே பரிந்துரைத்தது. அதே காலத்தில் பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகளால், தசையை அகற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டினார். மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி 1981இல் வெளியிட்ட ஆய்வில், சிறு கட்டியுள்ள பெண்களுக்கு மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று தெரிந்தது.

தசை தப்பியது; ஆனால் அக்குள் கணுக்களை அகற்றுவது தொடர்ந்ததால் கைவீக்கத்தின் அச்சம் நீங்கவில்லை. பாரம் தூக்காதே, கையை வருத்தாதே என்ற அறிவுரை, எந்த ஆய்வின் வலுவும் இல்லாமலே, பெண்களைப் பல பத்தாண்டுகள் வேலையிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் ஒதுக்கியது. கனடாவின் வான்கூவரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி 1996இல், சிகிச்சை முடித்த 24 பெண்களைச் சேர்த்து, முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் படிப்படியாக வலுவேற்றி, பிறகு டிராகன் படகில் ஏற்றினார். சீன மரபில் வந்த இந்த நீண்ட படகில், பறையின் தாளத்துக்கு இருபது பேர் ஒன்றாகத் துடுப்பு வலிப்பர். உழைப்பின் பெரும்பகுதி தோளுக்கும் கைக்குமே. அப்பருவம் முடிந்தபோது எவருக்கும் புதிதாகக் கைவீக்கம் வரவில்லை. முன்பே இருந்தவர்களுக்கும் அது கூடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் ஷ்மிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே கைவீக்கம் உள்ள 141 பெண்கள் கலந்துகொண்ட அந்த ஆய்வில், அழுத்த உறை அணிந்து, கண்காணிப்போடு சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென வீக்கம் மோசமாகும் நிலையும் மற்றவர்களைவிட அவர்களுக்குக் குறைவாகவே ஏற்பட்டது.