டர்பன் கரையில் நம்மவர்

1860இல் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளியே ஆழத்தில் நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தாம் அலை தாண்டிக் கொண்டு சேர்க்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. துடுப்புப் போட்டவர்கள் நம் கடற்கரை மக்கள். அந்த அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று 342 பேர் நேட்டாலின் டர்பனில் இறங்கினார்கள். ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்க மண்ணை மிதித்த முதல் இந்தியர்கள் அவர்களே.

மாதக் கூலி பத்து ஷில்லிங். கரும்புத் தோட்டத்தில் விடிவதற்கு முன் தொடங்கும் வேலை. ஒப்பந்தம் முதலில் மூன்றாண்டு, பின்னர் ஐந்தாண்டு. 1871இல் ஊர் திரும்பியவர்கள் பட்ட பாட்டைச் சொன்னார்கள், விசாரணை நடந்தது. 1866இல் நின்றிருந்த ஆள் ஏற்றுமதி 1874இல் மீண்டும் தொடங்கியது. அடுத்து வந்தது தாது வருடப் பஞ்சம். நம் பக்கம் ஓடும் கால்வாய்க்குப் பக்கிங்காம் என்ற பெயர் வந்ததும், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டைப் பஞ்சக் கூலிகள் வெட்டியதும் அப்போதுதான். மண் வெட்டியும் வயிறு நிறையாத காலத்தில் பலர் கப்பலேறினார்கள். நம் பொன்னேரி அன்று சேர்ந்திருந்த செங்கற்பட்டு ஜில்லா, அதிகம் பேரை அனுப்பியவற்றுள் ஒன்று.

ஒப்பந்தம் முடிந்த கடற்கரைக்காரர்கள் தோட்டத்திலேயே தங்கிவிடவில்லை. டர்பன் குடாவிலுள்ள சாலிஸ்பரி தீவில் குடியேறிக் கரைவலை இழுத்தார்கள், கருவாடு போட்டார்கள். கூலியாகச் சென்றவர் தம் தொழிலுக்குத் தாமே எஜமானரான இந்த வரலாறு இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது. நேட்டாலில் வேரூன்றிய நம்மவருக்காக 1898இல் டர்பன் அருகே மவுண்ட் எட்ஜ்கூம்பில் பிள்ளையார் கோயிலும் எழுந்தது.

ஒப்பந்தம் முடித்துத் தங்குபவர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. கப்பல்கள் 1911இல் நின்றன. அதற்குள் போய்ச் சேர்ந்தவர் 1,52,184 பேர். அவ்வரியை எதிர்த்து 1913இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் மூண்டது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு மீண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டே வரி ஒழிந்தது.

இரண்டாம் உலகப் போரில் சாலிஸ்பரி தீவு கடற்படைத் தளமானது. மீனவர் வீடுகள் போயின. 1961இல் அத்தீவில்தான் இந்தியருக்கான பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. வீடு போனாலும் வலையை மட்டும் அந்த மீனவர்கள் விடவில்லை. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் அக்கரைக்கு வரும்போது, அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள்.