வழிகாட்டும் கருவியும் வரைபட உரிமையும்

1983 ஆடி வன்செயல்களின் பின்னர் இலண்டனை வந்தடைந்த எம்மவருள் பலர் மினிகாப் ஓட்டுவதைத் தமது வாழ்வாதாரமாகக் கொண்டனர். பழக்கமற்ற நகரின் வீதிகளைப் பெயருடன் அறிந்துகொள்வதே அத்தொழிலின் முதற்பாடமாயிற்று. அந்த வீதியறிவு மனித மூளையிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து காரில் பொருத்தும் சிறு கருவிக்கும் இடம்பெயர்ந்த வரலாறு எமது குடும்பங்கள் அறியவேண்டிய ஒன்றாகும்.

இலண்டனின் கறுப்பு டாக்சிச் சாரதிகளுக்கு 1865ஆம் ஆண்டு முதல் ‘நொலெட்ஜ்’ எனப்படும் கடும் தேர்வு நடத்தப்பட்டு வருகின்றது. சாரிங் குரொஸ் சந்தியைச் சூழ்ந்த ஆறு மைல் வட்டத்தினுள் அமைந்த ஏறத்தாழ 25,000 வீதிகளை மனத்தில் பதித்தாலன்றி அதில் தேறுதல் அரிது. பலருக்கு இதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். 1961இல் தோன்றிய மினிகாப் தொழிலுக்கு இத்தேர்வு தேவைப்படவில்லை. உழைத்தே அன்றாடம் உண்ணவேண்டியிருந்த அகதிக்கு அது திறந்திருந்த கதவாயிற்று. அவனுக்கு ஆசானாக விளங்கியது, பிலிஸ் பியர்சால் அம்மையார் 1936இல் வெளியிட்ட ‘ஏ முதல் இசட்’ வீதி ஏடாகும்.

இந்த ஏட்டின் பணியைக் கணினி ஏற்கத் தொடங்கியது 1988ஆம் ஆண்டிலாகும். ‘நெக்ஸ்ட்பேஸ்’ என்னும் பிரித்தானிய நிறுவனம் ‘ஓட்டோரூட்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் தட்டச்சு செய்தால், வழியையும் தூரத்தையும் கணித்து அச்சிட்டுக் கொடுக்கும். 1994இல் அந்நிறுவனத்தை மைக்ரோசொப்ட் வாங்கியது. 2014இன் இறுதியில் அம்மென்பொருளின் விற்பனையும் முடிவுற்றது. ஆரம்ப காலத்தில் அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. கணினி வீட்டிலும் கார் வீதியிலும் இருந்தமையால், கார் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதைக் கணினி அறியாதிருந்தது.

அக்குறையை நீக்கியது ஜி.பி.எஸ். எனப்படும் செய்மதி முறைமை. அமெரிக்கப் படைத்துறை தனது தேவைக்காக அமைத்த இம்முறைமையைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது, கொரிய விமானமொன்று சோவியத் படையால் வீழ்த்தப்பட்ட அதே 1983ஆம் ஆண்டிலாகும். ஆயினும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் ஏறத்தாழ 100 மீற்றர் வரையான பிழை வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்தது. நெருங்கிய வீதிகளைக் கொண்ட இலண்டனில் 100 மீற்றர் பிழையென்பது வேறொரு வீதியையே காட்டிவிடும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் இப்பிழை நீக்கப்பட்ட பின்னரே காருக்கான வழிகாட்டிக் கருவிகள் பெருகலாயின.

அம்ஸ்டர்டாமில் 1991இல் தொடங்கப்பட்ட டொம்டொம் நிறுவனம் 2004இல் தனது ‘கோ’ கருவியை வெளியிட்டது. வாங்கிய நாளிலிருந்தே அதனுள் இருந்த வரைபடம் பழையதாகத் தொடங்கியது. புதிய வீதி திறக்கப்படும். இருவழிப் பாதை ஒருவழியாகும். எனவே ‘டொம்டொம் ஹோம்’ என்னும் துணை மென்பொருள் வீட்டுக் கணினிக்கென அமைக்கப்பட்டது. கருவியைக் கம்பியால் கணினியுடன் இணைத்தால், புதிய வரைபடத்தை இணையத்திலிருந்து இறக்கிக் கருவிக்கு மாற்றும். பழையதைக் கணினியில் பிரதி செய்து காக்கும். வரும் நாட்களில் செய்மதிகள் நிற்கும் நிலைகளையும் முன்கூட்டியே கருவிக்கு ஊட்டும். 2007 முதல் சாரதிகள் தாம் கண்ட பிழைகளைத் திருத்தி, அத்திருத்தங்களை இம்மென்பொருள் வழியே ஏனையோருடன் பகிரவும் வழி செய்யப்பட்டது. வீதியில் உழைப்பவனும் வரைபடத்தைத் திருத்தலாம் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

எனினும் திருத்தியவன் அவ்வரைபடத்தின் உரிமையாளன் அல்லன். ஜி.பி.எஸ். முறைமை வாரங்களை 1,024 வரை எண்ணி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குவது. 2019 ஏப்ரல் 6ஆம் நாள் அவ்வெண்ணிக்கை திரும்பியபோது, கணினி வழியாகப் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில தடுமாறின. அதற்கு முன்னரே 2018இல், தனது பழைய கருவிகள் சிலவற்றுக்குப் புதிய வரைபடம் இனிக் கிடையாது என டொம்டொம் அறிவித்திருந்தது. பணம் கொடுத்து வாங்கியவனின் கையில் எஞ்சியது முதுமையடைந்த வரைபடமே.

வரைபடம் யாருக்குரியது என்ற கேள்வி புதியதன்று. பிரித்தானிய அரசின் நில அளவை நிறுவனமான ‘ஓர்ட்னன்ஸ் சேர்வே’ 1791இல் தொடங்கப்பட்டது. ‘ஓர்ட்னன்ஸ்’ என்ற சொல்லே படைக்கலத்தைக் குறிப்பது. 1745இல் கிளர்ந்த ஸ்கொட்லாந்தின் மலைநாட்டைக் கட்டுப்படுத்துவதற்காகச் செய்யப்பட்ட அளவையிலேயே அதன் வேர் உள்ளது. அவ்வரைபடத் தரவுகளைப் பயன்படுத்த உரிமமும் கட்டணமும் வேண்டியிருந்த காலத்தில், 2004இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரான ஸ்டீவ் கோஸ்ட் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொது வரைபடத்தைத் தொடக்கினார். தன்னார்வலர்கள் செய்மதிக் கருவியுடன் வீதிகளில் சென்று, பதிவான தடத்தைக் கணினிக்கு மாற்றி, வீதிகளை வரைந்து பெயரிட்டனர். அவ்வரைபடத்தைக் கார்மின் போன்ற கருவிகளில் ஏற்றுவதற்கான இலவச மென்பொருட்களும் உண்டு.

இங்கேதான் எமக்கு ஒரு கடமை காத்திருக்கின்றது. இப்பொது வரைபடம் உலகம் முழுவதற்கும் உரியது. எமது தாயகமும் அதில் அடங்கும். இடமொன்றின் பெயரைத் தமிழில் பதிவதற்கும் அதில் தனி இடம் உண்டு. ஊர் ஒழுங்கைகள், குளங்கள், கோயிலடிகள், சந்திகள் ஆகியவற்றின் பெயர்கள் எமது முதியோரின் நினைவிலேயே இன்னும் வாழ்கின்றன. எந்த அரச வரைபடத்திலும் இடம்பெறாத பெயர்கள் அவற்றுள் உண்டு. அம்முதியோர் மறையும்போது அப்பெயர்களும் மறைந்துபோகும்.

இலண்டன் வீதிகளைப் பிழைப்புக்காகக் கற்ற தலைமுறை அது. இந்நாட்டில் பிறந்து கணினியில் தேர்ந்த பிள்ளைகள் அவர்களருகில் அமர்ந்து, ஊரின் பெயர்களைக் கேட்டுச் சரிபார்த்து, ஒவ்வொன்றாகப் பதிவார்களாயின், அவை ஒரு நிறுவனத்தின் அறிவிப்பால் அழிந்துபோகாத உடைமையாகும். அப்பணிக்கு வேண்டியது ஒரு கணினியும், முதியவர் ஒருவரின் ஓய்வான மாலைப்பொழுதுமே.