மலையக மேடைப்பேச்சு

இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே வளர்ந்த பொதுப்பேச்சு மரபு. தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த காலத்தில், லயம் எனப்படும் தோட்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்த, எழுத்தறிவு குறைந்திருந்த மக்களிடம் சட்டமும் உரிமையும் பெரும்பாலும் பேச்சின் வழியாகவே சென்றுசேர வேண்டியிருந்தது. அதனால் தெளிவு இங்கே அலங்காரமன்று, அடிப்படைத் தேவை. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். பாட்டு உணர்ச்சியைக் கிளறுமே தவிர அறிவை வளர்க்காது என்று மறுப்போர் உண்டு. ஆனால் மீனாட்சியம்மாள் பாடியது இலங்கை இந்தியரின் உரிமை நிலை. பழகிய மெட்டு அச்செய்தியை நினைவில் நிறுத்த உதவியது. தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்த இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகல போன்ற பகுதிகளுக்கும் இம்மரபு தரும் பாடம் பொருந்தும்: கேட்பவரின் வாழ்க்கையிலிருந்து தொடங்கி, ஒரு கருத்தை எளிய சொல்லில் நிறுவுபவரே சிறந்த பேச்சாளர்.