கூடிப் படிக்க எந்நூலைத் தேர்வது?

கூடிப் படித்தல் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. சீறாப்புராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊரார் அமர்ந்து கேட்ட மரபு நமக்குண்டு. கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் அவ்வாறே நம் இல்லங்களில் ஒலித்தன. நாவலும் தன்வரலாறும் பின்னர் வந்தவை. இன்றைய வாசகர் வட்டங்களில் இவற்றுள் எவற்றைத் தேர்வது என்னும் வினா எழுகின்றது.

நம்மவர் பெருமையைக் கூறும் நூலே போதும் என்பாருளர். நாம் அதற்கு உடன்படோம். நாவல் கற்பனையே எனினும், ஒரு காலத்தின் ஆசைகளையும் அச்சங்களையும் காட்டிவிடும். தன்வரலாறு நடந்ததைக் கூறுவதே எனினும், எழுதியவர் மறந்தவற்றையும் மறைத்தவற்றையும் அதில் காண இயலாது. ஆதலின் நாவல் ஒன்றையும் தன்வரலாறு ஒன்றையும் இணையாக வைத்துப் படிப்பதே பயன் தரும்.

முதலில் கண்டி சித்தி லெவ்வை அவர்களின் 'அசன்பே சரித்திரம்'. தமிழின் முதல் நாவலெனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், இந்நூல் அச்சேறியது. கெய்ரோவில் பிறந்த சிறுவனைப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுசெல்லும் கதை இது. இதனுடன் இப்னு பதூதாவின் பயண நூலைப் படிக்கலாம். 1325இல் தஞ்சையிலிருந்து அன்று, மொராக்கோவின் தஞ்சாவிலிருந்து புறப்பட்ட அவர், மதுரைச் சுல்தான் கியாசுத்தீனிடமும் தங்கினார். சுல்தானின் மனைவியும் இவர் மனைவியும் உடன்பிறந்தோர். ஆயினும், சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் அச்சுல்தான் கொல்வித்ததை அவர் கடுமையாகக் கண்டித்துள்ளார். உறவினரென்றும் ஒரே மார்க்கத்தாரென்றும் பாராது உரைத்த அச்சான்று, பெருமை பேசும் நூல்கள் பலவற்றினும் மேலானது.

அடுத்து, நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் 'காதலா கடமையா'. மூன்றாம் வகுப்பளவே பள்ளிக் கல்வி பெற்ற அம்மையார், 1938இல் தம் பெயரிலேயே இந்நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் இதற்கு முன்னுரை வழங்கினார். தலைப்பு எழுப்பும் வினாவுக்கு இணையான நிகழ்ச்சி, பாபரின் மகள் குல்பதன் பேகம் பாரசீகத்தில் எழுதிய 'ஹுமாயூன் நாமா'வில் உள்ளது. ஹுமாயூனை மணக்க ஹமீதா பானு நாற்பது நாட்கள் இசையவில்லை. எடுத்துரைத்த பின்னரே, 1541இல், நிக்காஹ் நடந்தது. அவரே அக்பரின் அன்னை. மணமகளின் மறுப்பைப் பதிவு செய்தவர் ஒரு பெண்மணி என்பதை வட்டத்தினர் ஆராய்தல் வேண்டும். குல்பதன் அப்போது சிந்துவில் இல்லை; கேட்டறிந்தே எழுதினார். எனவே, யார் வாய்மொழி இது என்னும் வினாவும் உடன் எழும்.

நம் குறைகளை நாமே நோக்கும் துணிவு வளர, தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யையும் சேர்க்கலாம். 1988இல் நூலான அது, ஊர்ப் பெரியதனத்தின் கொடுமையையும் ஆங்கிலக் கல்விக்கு எழுந்த எதிர்ப்பையும் கடலோர மக்களின் பேச்சிலேயே விவரிக்கின்றது.

குல்பதனின் நூல் தானாகப் பிறந்ததன்று. நினைவிலிருப்பவற்றை எழுதுமாறு அக்பர் கேட்டுக்கொள்ள, முதுமையில் அந்த அத்தை எழுதினார். அறியப்பட்ட ஒரே படியும் வாக்கியத்தின் நடுவே முறிந்து நிற்கின்றது. நம் இல்லங்களிலும் நன்னிமார் உளர். அவர்கள் நினைவில் நிக்காஹ்களும் கடற்பயணங்களும் பிரிவுகளும் உள்ளன. அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கத் தூண்டும் நூல்களையே வாசகர் வட்டம் முதலில் தேர்தல் நன்று.