மூன்று நிமிஷக் கிட்டப்பா

ஜலகண்டாபுரத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே, எஸ். ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுப் பாட்டுகளின் தொகுப்பைக் கேட்டேன். செங்கோட்டையில் 1906-ல் பிறந்த அந்த நாடக நடிகர் 1933-ல், 27 வயதில், மறைந்தார். ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில் கடைசி வரிசையையும் எட்டிய குரல் அவருடையது. நாடகமோ விடிய விடிய நடக்கும். தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிஷந்தான் இடம்.

அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாள் அவருக்குப் பின் வெண்புடைவை உடுத்தி, ஆண்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லையென்று உறுதி பூண்டார். 1935-ல் 'பக்த நந்தனா'ராகத் தாமே வேஷம் கட்டினார். 1980 வரை வாழ்ந்த அம்மையாரின் குரலைப் பேசும் படம் காத்தது. கிட்டப்பாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தட்டுக்கு நன்றி சொல்லுவோம். ஆனால் இவ்வளவுதான் கிட்டப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.