தஞ்சைப் பெரிய கோயிலின் அகலப்பரப்பு ஒளிப்படம்

அகலப்பரப்புப் படம் என்றால் ஓரிடத்தில் நின்று கேமராவைச் சுழற்றி எடுப்பது வழக்கம். நீண்ட சுவருக்கு அது பொருந்தாது. ஓரங்கள் சாய்ந்து சுருங்கும், அங்குள்ள எழுத்தைப் படிக்க இயலாது.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைப் படமெடுத்தபோது கேமராவைச் சுழற்றவில்லை. சுவருக்கு இணையாக நகர்த்திக்கொண்டே சென்றார். இவ்வாறு எடுத்த 21 படங்களை ஒட்டி உருவாக்கிய படம் ஏறத்தாழ 19 அடி நீளமுடையது. ஒவ்வொன்றும் தனி நெகட்டிவ் என்பதால் தூரம், உயரம், அச்சின் கருமை ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இன்று கணினி செய்யும் வேலை அது.

கோயிலைக் கரிகாலன் கட்டியதாகத் தலபுராணக் கதை வழங்கிய காலம் அது. கட்டியவன் முதலாம் இராசராசன் என்ற செய்தியோ விமானத்தின் அடிப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அக்கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் முறையாகப் பதிப்பித்தது 1890களில்தான். அதற்கு வெகு முன்பே, 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், ஒளிப்படப் பணி அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி அதை நிறுத்திவிட்டார்.