ஒரு பாட்டில் தண்ணீர் பிறந்த கதை

1942 ஜனவரி 31. மலாயாவில் ஜப்பானியப் படையிடம் தோற்றுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் ராணுவம், ஜோகூர் நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் வந்து சேர்ந்தது. வந்த கையோடு, தீவையும் பெருநிலத்தையும் இணைத்த கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. எதிரியைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் அந்தப் பாலத்தோடு ஒட்டி ஒரு குழாயும் ஓடியது. ஜோகூரின் குனோங் பூலாய் மலையிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த குழாய் அது. எதிரிக்கு வைத்த வெடியில் அதுவும் உடைந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் ஜப்பானியர்கள் நீரிணையைக் கடந்தார்கள். தீவின் நீர்த்தேக்கங்கள் அவர்கள் வசம் போயின. குண்டுவீச்சில் நகரத்துக் குழாய்கள் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. பிப்ரவரி 15 அன்று ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். தண்ணீர் தீரப்போகிறது என்ற செய்தி அந்த முடிவுக்கு ஒரு முக்கியக் காரணம். கடற்பாலம் வெடித்த சத்தத்தை, ராஃபிள்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 18 வயது மாணவர் ஒருவர் கேட்டார். 17 ஆண்டு கழித்து அதே தீவின் பிரதமரானவர் அவர்: லீ குவான் இயூ.

அவர் பதவிக்கு வந்த அதே காலத்தில், பசிபிக் கடலின் மறுகரையில், சிங்கப்பூரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அது. ஒருவர் சிட்னி லோப். இன்னொருவர் இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜன். கடல்நீரை அழுத்தம் கொடுத்து ஒரு சவ்வு வழியே தள்ளினால் உப்பு பின்தங்கி நல்ல தண்ணீர் வெளியே வரவேண்டும். செல்லுலோஸ் அசிடேட் சவ்வு உப்பைத் தடுக்கும் என்று ஃபுளோரிடாவில் சார்லஸ் ரீட் ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆனால் அதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதை வைத்து ஊருக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.

லோபும் சௌரிராஜனும் கடையில் கிடைத்த ஒரு சவ்வை வாங்கிச் சுடுநீரில் இட்டுப் பார்த்தார்கள். ஒருநாள் பிரமாதமாக வேலை செய்தது. இன்னொரு நாள் அதே தாளிலிருந்து வெட்டிய துண்டு உப்பைக் கொஞ்சமும் தடுக்கவில்லை. அதே சவ்வு, அதே சூடு, அதே அழுத்தம். பிறகு எங்கே வந்தது இந்த வித்தியாசம்?

கடைசியில் சிக்கியது விடை. சவ்வின் எந்தப் பக்கம் உப்புநீரைப் பார்த்து இருந்தது என்பதில்தான் எல்லாமே இருந்தது. சவ்வின் இரண்டு பக்கமும் ஒன்று அல்ல. பாலின் மேல் படியும் ஆடை போல ஒரு பக்கத்தில் மட்டும் மிக மெல்லிய, நெருக்கமான படலம். அதற்குக் கீழே எல்லாம் துளைகள் நிறைந்த பஞ்சு. உப்பைத் தடுப்பது அந்த ஆடை மட்டுமே. ஆடை மெல்லியதானால் தண்ணீர் வேகமாக வரும். இது புரிந்ததும் அவர்களே கண்ணாடித் தகட்டில் கரைசலைப் பரப்பி, பனிக்கட்டி நீரில் முக்கி, சூடாக்கிப் புதிய சவ்வைச் செய்தார்கள். பழைய சவ்வைவிடப் பல மடங்கு தண்ணீர் அதில் கொட்டியது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் அந்தச் சவ்வு வடித்த தண்ணீரைக் குடித்தது. அதே 1965-இல் சிங்கப்பூரில் வேறொரு வெடி வெடித்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து சிங்கப்பூர் தனி நாடானது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர்தான். ஆனால் பெய்த மழையைப் பிடித்துவைக்க இடம் இல்லை. 1963 ஏப்ரலில் தொடங்கிப் பத்து மாதம் நீடித்த தண்ணீர்ப் பங்கீட்டை மக்கள் அப்போது இன்னும் மறந்திருக்கவில்லை. குழாய் மணிக்கணக்கில் வறண்டு கிடக்க, வாளியும் தகரமுமாக வரிசையில் நின்ற நாட்கள் அவை. ஜோகூரோடு 1961, 1962-இல் செய்த ஒப்பந்தங்களின்படி ஆயிரம் கேலன் தண்ணீருக்கு 3 சென் விலை. விலை மலிவுதான், ஆனால் குடுமி அடுத்த நாட்டின் கையில் இருந்தது. ஓர் ஒப்பந்தம் 2011-இல் முடியும், மற்றது 2061-இல். அதற்குப் பிறகு?

1972-இல் ஒரு தண்ணீர்த் திட்டம் தீட்டப்பட்டது. தீவில் என்றைக்கும் வற்றாத நீர் ஒன்றே ஒன்றுதான் என்பது தெளிவாக இருந்தது. குளித்த, துவைத்த, கழிப்பறையில் ஊற்றிய நீர். 1974-இல் ஜூரோங்கில் ஒரு சோதனை ஆலை எழுந்தது. கழிவுநீர் உள்ளே போக, மறுபக்கம் நல்ல நீர் வந்தது. வந்ததே தவிர, நிலைக்கவில்லை. சவ்வுகள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. செலவு எகிறியது. 14 மாதத்தில் ஆலைக்குப் பூட்டு. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு அந்தப் பேச்சே எடுபடவில்லை.

பூட்டியது சிங்கப்பூர்தான், காலம் பூட்டவில்லை. செல்லுலோஸ் அசிடேட்டை நுண்ணுயிர்கள் அரித்துவிடும் என்ற பெருங்குறைக்கு 1970-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் ஜான் கேடட் விடை கண்டார். பாலிஅமைடில் அவர் செய்த புதுச் சவ்வு குறைந்த அழுத்தத்தில் அதிகத் தண்ணீர் தந்தது. உலகமெங்கும் ஆலைகள் வாங்க வாங்க விலையும் இறங்கியது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியிலோ, கழிவுநீரை இப்படிச் சுத்திகரித்து நிலத்தடியில் செலுத்தி, உள்ளே புகுந்த கடல்நீரை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தியிருந்தார்கள். 1998-இல் சிங்கப்பூர் பூட்டைத் திறந்தது. பொறியாளர்கள் அமெரிக்கா போய் நேரில் பார்த்துத் திரும்பினார்கள். ஜோகூரோடு தண்ணீர் விலைப் பேச்சும் அப்போது சூடேறிக்கொண்டிருந்தது.

2000 மே மாதம் பெடோக்கில் நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் தண்ணீர் தரும் ஆலை ஓடத் தொடங்கியது. கழிவுநீர் நிலையத்தில் ஒருமுறை சுத்தமான நீர், முதலில் நுண்வடிகட்டிக்குப் போகும். கசடும் பாக்டீரியாவும் அங்கே நின்றுவிடும். அடுத்து சவ்வு, கரைந்த உப்பும் வைரஸும் அதைத் தாண்டாது. கடைசியில் புற ஊதா ஒளி. தப்பித்தவறி எது பிழைத்திருந்தாலும் அங்கே அதன் கதை முடியும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஜெயிப்பது ஒன்று, மனித மனத்தில் ஜெயிப்பது வேறு. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இதே போன்ற திட்டத்தை மக்களின் அருவருப்பே 1999-இல் கவிழ்த்திருந்தது. சிங்கப்பூரிலும் அதே முகச்சுளிப்பு வந்துவிட்டால்?

எனவே எல்லாவற்றையும் வெளிப்படையாகச் செய்வது என்று முடிவானது. பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று இரண்டு ஆண்டு கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தது. 20,000-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. தண்ணீரில் எஞ்சியிருக்கக்கூடியதைப் பல நூறு மடங்கு செறிவாக்கி எலிகளுக்குக் கொடுத்தார்கள். அதே தண்ணீரில் மீன்களை வளர்த்து, குஞ்சு பொரித்த பின் அவற்றின் குஞ்சுகளையும் பார்த்தார்கள். 2002-இல் அறிக்கை வந்தது: பாதுகாப்பான தண்ணீர். எஞ்சியது ஒன்றுதான். முதல் மிடறை யார் குடிப்பது?

2002 ஆகஸ்ட் 9. காலாங் தேசிய விளையாட்டரங்கம். தேசிய தின அணிவகுப்பைக் காண ஏறத்தாழ 60,000 பேர் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறிய தண்ணீர் பாட்டில். பிரதமர் கோ சோக் டோங் தன் பாட்டிலை உயர்த்தினார். அரங்கமே உயர்த்தியது. எல்லோரும் குடித்தார்கள். ஜூரோங்கில் 14 மாதத்தில் தோற்றுப்போன அந்த யோசனை, பாட்டிலுக்குள் அடைபட்டு நாட்டின் பிறந்த நாளுக்கு வந்திருந்தது. அதுதான் நியூவாட்டர், சிங்கப்பூர்த் தமிழர்கள் சொல்லும் புதுநீர்.

2003 பிப்ரவரியில் பெடோக், கிராஞ்சி ஆலைகள் திறந்தன. இன்னொரு திருப்பம் அங்கே காத்திருந்தது. குடிக்கத்தான் என்று உருவான தண்ணீரில் மிகச் சிறு பங்கே நீர்த்தேக்கங்களில் கலந்து குழாய்க்குப் போனது. கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலைகளுக்குத் துளி உப்பும் ஆகாது. குழாய்த் தண்ணீரைவிடச் சுத்தமான இதை அவைதான் முதலில் வாரிக்கொண்டன. தொழிற்சாலை விட்டுக்கொடுத்த நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சியது. சாங்கி போன்ற பெரிய ஆலைகள் சேர்ந்தபின், நாட்டின் தேவையில் 40 சதவீதம் வரை தரும் திறன் இந்த நீருக்கு வந்தது. 2011-இல் ஜோகூரோடு செய்த முதல் ஒப்பந்தம் காலாவதியானபோது சிங்கப்பூர் அதைப் புதுப்பிக்கவில்லை.

உண்மையான பரீட்சை 2014-இல் வந்தது. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை மழை முகமே காட்டவில்லை. பதிவேட்டில் இருந்த மிக நீண்ட வறட்சிகளில் ஒன்று. நாட்டின் தண்ணீரை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை முழு மூச்சில் ஓட்டியது. நீர்த்தேக்கங்களில் புதுநீரை வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டியது. 1963-இல் பத்து மாதம் வாளியோடு வரிசையில் நின்ற ஊரில், இம்முறை ஒரு நாள்கூடப் பங்கீடு இல்லை. மழையைப் போலவே கழிவுநீரும் நாட்டின் சொத்து என்று ஒரு தலைமுறை துணிந்து நம்பியதன் பலன் அது. 2061-இல் ஜோகூரின் கடைசி ஒப்பந்தமும் முடியும். 1942-இல் ஒரு குழாய் உடைந்ததும் கைகட்டி நின்ற தீவு, அந்த ஆண்டை எதிர்கொள்ளத் தன் தண்ணீரைத் தானே செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது.